கால் கரண்டிப் பசளை

செடிக்குப் பசளை எவ்வளவு போடவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் பதினொரு வருடம் கூட்டுறவுச் சங்கத்துப் பசளைக் கடையில் நின்றவன் நான். மிளகாய்க்காரர், வெங்காயக்காரர், புகையிலைக்காரர் எல்லாரும் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் போடுவார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இத்தனை கிலோ யூரியா, இத்தனை நாள் இடைவெளி என்று டொக்டர் மருந்து எழுதுகிற மாதிரிச் சொல்லுவேன். இந்த ஆள் தன் கையால் ஒரு கத்தரிக் கன்றாவது நட்டிருக்கிறாரா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேளாததால் பதினொரு வருடமும் மரியாதையாகப் போனது.

நான் சொல்லவந்தது ரொறன்ரோவில் வளர்த்த கஞ்சாச் செடியைப் பற்றி. அந்தச் சொல்லை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. இந்த நாட்டில் இன்று அதைக் கடையில் வாங்கலாம், வீட்டில் வளர்க்கலாம். நான் சொல்லும் காலத்தில் ஒரு செடி பிடிபட்டாலும் வழக்குத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் நானும் மனைவியும் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. அகதி வழக்கு முடிந்து, நிரந்தரமாக இருக்கலாம் என்ற கடிதத்துக்காகக் காத்திருந்தோம். நான் விடியவே ஒரு பெட்டி செய்யும் தொழிற்சாலைக்குப் போய், பின்னேரம் வந்துவிடுவேன். அவள் ஒரு தையல் தொழிற்சாலையில் சேட்டுக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடக் கோடை முடிவில் அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஊசி. மொத்தம் ஆறு தரம் ஏற்றவேண்டும் என்றார்கள்.

முதலாவது ஊசியோடு அவளுடைய சாப்பாடு நின்றுபோனது. சோற்று மணம் வந்தாலே ஓங்காளிப்பாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் சத்தத்துக்கே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுவாள். இரண்டாவது ஊசிக்குப் போனபோது டொக்டர் அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கினால் உடம்பு தாங்காது, ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்றார். ஊசி தள்ளிப்போனால் நோய்க்குத்தான் வசதி என்று எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து என் தலைக்குள் அந்த நாற்பத்தைந்து மட்டுந்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. வாடினால் போடு. ஆட்டெலும்பை அவித்து ரசம் வைத்தேன். முட்டையை நல்லெண்ணெயில் பொரித்தேன். உழுத்தங்களி கிண்டினேன். தட்டு நிறையப் போட்டுக்கொண்டு போய்க் கட்டிலில் இருந்து, "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று தீத்தினேன். அவள் எனக்காக நாலு வாய் விழுங்குவாள். பிறகு குளியலறைக்கு ஓடுவாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு, இதைச் சமைக்க எத்தனை நேரம் போனது தெரியுமா என்று புறுபுறுத்தபடி குசினிக்குப் போவேன். எனக்கு மூக்கின் நுனியில் கோபம். நோயில் கிடக்கிற வருத்தக்காரியோடு கோபிக்கலாமா என்று இன்று கேட்கிறேன். அன்று எனக்கு இருந்தது பயம். அது வெளியே வரும்போது கோபமாக வந்தது.

அவளோடு தைக்கும் போர்த்துக்கேயப் பெண் ஒருத்தி ஒரு சனிக்கிழமை பார்க்க வந்தாள். தன் அக்காவுக்கும் இதே வருத்தம் வந்து சுகமானது என்று சொல்லி, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மனைவியின் கையில் வைத்தாள். என்ன அது என்று தெரிந்ததும் நான் எழும்பிப்போய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன். மனைவி சிரித்தாள். வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டிராதவள், அன்று குளியலறையில் காற்று இழுக்கும் விசிறியைப் போட்டுவிட்டு, கவிழ்த்த வாளியில் இருந்து இரண்டு இழுப்பு இழுத்தாள். இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வந்தது. அரை மணித்தியாலம் கழித்து, "இஞ்சாருங்கோ, பருப்புக் கிடக்கே?" என்று கேட்டாள். சோறும் பருப்பும் ஒரு கோப்பை சாப்பிட்டாள். சாப்பிட்டது வயிற்றில் நின்றது. நான் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பொட்டலம் இரண்டு வாரத்துக்குத்தான் வந்தது. அந்தப் பெண் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போவதற்கு முன், அக்கா வளர்த்த செடியிலிருந்து மூன்று கிளைகளை வேர்விட வைத்து, தயிர் வாளிகளில் கொண்டுவந்து தந்தாள். வெளிச்சம் எப்படிக் கொடுப்பது, எத்தனை மணித்தியாலம் கொடுப்பது என்று சொன்னாள். கடைசியாக, பசளைப் பெட்டியில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அதில் கால்வாசி மட்டும் போடு, நுனியைப் பார்த்துப் போடு என்றாள். நான் தலையாட்டினேன். கொலர் தைக்கிறவள் எனக்குப் பசளை சொல்லுகிறாளே என்று மனதுக்குள் சிரித்தேன்.

படுக்கையறையின் உடுப்பு அலுமாரியைக் காலி செய்து, இரண்டு ரியூப் லைற்றைக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று வாளிகளையும் அதற்குள் வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு பூட்டுப்பட்டது.

அந்தக் கட்டடத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். ஒருவருக்கு வருத்தம் என்று தெரிந்தால் போதும், பிளாஸ்கும் கையுமாக வந்துவிடுவார்கள். வந்தவர்கள் வெளி அறையோடு நிற்கமாட்டார்கள். கட்டில்வரைக்கும் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தால்தான் வந்ததாகக் கணக்கு. கட்டிலுக்கு நாலடி தள்ளித்தான் அந்த அலுமாரி. பொலிசுக்குச் செய்தி போனால் வழக்கு, வழக்கு வந்தால் கடிதம் வராது, கடிதம் வராவிட்டால் கொழும்புக்கு விமானம். கட்டுநாயக்காவில் இறங்கினால் அங்கே ஆர் அவளுக்கு ஊசி ஏற்றுவது? இதைத்தான் நான் படுத்தாலும் எழும்பினாலும் யோசித்தேன். ஆகவே கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், நாலு விரல் இடைவெளியால் கதைத்து அனுப்பினேன். நித்திரை என்றேன். குளிக்கிறா என்றேன். டொக்டர் ஆட்களைச் சந்திக்கவேண்டாம் என்றவர், கிருமி தொற்றும் என்றேன். அஜக்ஸில் புதிதாக வீடு வாங்கிப் போயிருந்த அவளுடைய ஒன்றுவிட்ட தமையனுக்குக்கூட, பனிக்குள் நெடுஞ்சாலையில் வரவேண்டாம், நான் சொல்லும்போது வாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். பிறகு சொல்லவேயில்லை.

எல்லாரும் இரண்டு தரம் வந்து மூன்றாம் தரம் நின்றுவிட்டார்கள். நிற்காதவர் லிஃப்றுக்குப் பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர்தான். அறுபது வயதிருக்கும். மகன் குடும்பம் வேலைக்குப் போனபின் பகல் முழுக்கத் தனியாக இருப்பவர். கிழமைக்கு ஒரு தரமாவது வந்து தட்டி, என் மனைவியைத்தான் பிள்ளை என்று விசாரிப்பார்.

"தம்பி, பிள்ளை எப்பிடி?"

"பரவாயில்லை அன்ரி. இப்பதான் கண் அயந்தவ."

"அப்ப நான் பிறகு வாறன். உதை அவவுக்குக் குடுங்கோ." கதவு இடைவெளியால் ஒரு பாத்திரம் உள்ளே வரும்.

அறைக்குள்ளிருந்து மனைவி, "ஆர் வந்தது?" என்று கேட்பாள்.

"ஒருத்தருமில்லை. பிழையான கதவைத் தட்டிப்போட்டினம்."

அவள் மறுபடி கேட்கமாட்டாள். அன்ரியின் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான்.

வீடு பேச்சற்றுப் போனது. காலையில் நான் போனபின் எட்டு மணித்தியாலம் அவள் தனியே. பின்னேரம் வந்து நான் முதலில் பார்ப்பது அலுமாரியை, பிறகுதான் அவளை. எனக்கும் கதைக்க ஆளில்லை. லிஃப்றுக்குள் தெரிந்தவர்கள் ஏறினால் காலணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டை வெளிப் படியில் இருந்து குளிருக்குள் சாப்பிடத் தொடங்கினேன். யாராவது மனைவி எப்படி என்று கேட்டால் வாய் தடுமாறி எதையாவது உளறிவிடுவேனோ என்ற பயம். ரொறன்ரோவில் எத்தனையோ ஆயிரம் தமிழர் இருந்த காலத்தில், நாங்கள் இரண்டு பேரும் ஒரு வெறும் தீவில் இருந்தோம்.

செடிகள் முதல் மூன்று கிழமை நன்றாக வந்தன. பிறகு அடியிலைகள் மஞ்சளாகின. மஞ்சள் என்றால் பசி. பசளைக் கடையில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரிந்த பாடம் அது. தண்ணீரில் கரைக்கும் நீலத் தூள் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். உள்ளே சின்னக் கரண்டியும் இருந்தது. போர்த்துக்கேயப் பெண் சொன்ன கால் கரண்டியை நான் ஒருநாளும் போடவில்லை. முதலில் ஒன்று போட்டேன். மஞ்சள் கண்டதும் இரண்டு போட்டேன். எங்கள் ஊர்க் கை அப்படி. தாராளமாக அள்ளிப் போட்டால்தான் போட்ட மாதிரி இருக்கும். கஞ்சத்தனமாய்ப் போடுகிறவனைத் தோட்டக்காரரே மதிக்கமாட்டார்கள்.

இலைநுனிகள் பழுப்பாகக் கருகின. நுனி காய்ந்தால் தண்ணீர்த் தாகம் என்று முடிவு கட்டி, பசளைத் தண்ணீரையே இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இலைகள் கரும்பச்சையாகிக் கீழ்நோக்கி வளைந்தன. மண்ணுக்கு மேலே வெள்ளையாக உப்புப் படர்ந்தது. அதை நான் வெளிச்சத்தில் காய்ந்த மண் என்று எண்ணினேன். ஒரு செடி ஒரே கிழமையில் சரிந்தது. அதைப் பிடுங்கி இரட்டைப் பையில் கட்டி, தொழிற்சாலைக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டேன். மற்ற இரண்டுக்கும் பலம் வரட்டும் என்று மூன்றாவது கரண்டியையும் எடுத்தேன்.

அப்போது மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தாள். அவள் தோட்டக்காரர் வீட்டுப் பெண். என்னைக் கட்டுகிற வரைக்கும் வெங்காயப் பாத்திக்குள் நின்றவள். அலுமாரிக்கு முன்னால் குந்தி, ஓர் இலையைத் தடவிப் பார்த்தாள். மண்ணின் மேலிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"இஞ்சாருங்கோ, உது பசியிலை கிடக்கேல்லை. கரிக்குது. நீங்கள் தீத்தித் தீத்தி உதுக்குச் செமிக்காமல் போச்சு."

"பதினொரு வருசம் பசளைக் கடையிலை நிண்டவன் நான். நீர் போய்ப் படும்."

"கடையிலை நிண்டனீங்கள்தான். விக்கிறவனுக்குக் கூடப் போடச் சொல்லத்தானே தெரியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "எனக்குச் செய்யிறதைத்தான் உதுக்கும் செய்யிறியள்."

கரண்டியை எறிந்துவிட்டுப் பல்கனியில் போய் நின்றேன். பனி தூறியது. சேட்டோடு நின்றதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கோபத்தைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே வந்தபோது அவள் அந்த இடத்திலேயே, எழும்ப முடியாமல் குந்தியிருந்தாள். அவளைத் தூக்கிக் கட்டிலில் விட்டேன். அவ்வளவு லேசாக இருந்தாள்.

அன்றுதான் போர்த்துக்கேயப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெயர் சொல்லாமல், 'பிள்ளைகளுக்குச் சாப்பாடு கூடிவிட்டது' என்றேன். அவள் விளங்கிக்கொண்டாள். வாளியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, பலகைத் தரை நனைந்தால் கட்டடக்காரர் கேட்பார்கள் என்று வைக்கவில்லை என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊரில் கிணற்றை இறைத்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். போட்டதில் பாதி மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும். அதனால் அங்கே என் பிழைகள் எல்லாம் பூமிக்குள் போயின. தயிர் வாளிக்குள் போட்டது எங்கே போகும்? வேரைச் சுற்றியே நிற்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிப் படித்தவன்தான் நான். எழுத்து அழகாக இருக்கிறது என்று வாத்தியார் சரி போட்டார், அவ்வளவுதான்.

ஆணி முறுக்கும் திருப்புளியை அடுப்பில் காய்ச்சி வாளிகளின் அடியில் ஓட்டை போட்டேன். குளியல் தொட்டியில் இரண்டையும் வைத்து இளஞ்சூட்டுத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். அடியால் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. கரிப்புப் போகும்வரை ஊற்றினேன். நாக்குத்தான் என்னிடம் இருந்த ஒரே அளவுகோல். மனைவி குளியலறை வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப காணும்," என்று அவள் சொன்ன பிறகுதான் குழாயை மூடினேன்.

ஆனால் செடி தேறும்வரை டொக்டரின் தராசு காத்திருக்கவில்லை. நாலாவது ஊசிக்குப் போன அன்று அவளுக்கு நாற்பத்துமூன்றரை. ஊசி இரண்டு கிழமை தள்ளிப்போனது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தள்ளிப்போன நாட்களை விரலால் எண்ணிக்கொண்டு வந்தேன். நான் போட்ட ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு நாள் வீதம் அவளிடமிருந்து வெட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அந்த இரண்டில் ஒரு செடி செத்தது. ஒன்று பிழைத்தது. அந்த ஒன்றுக்கு முன்னால் நான் முதல் தரமாக ஒரு மாணவன் மாதிரி இருந்தேன். இரண்டு தரம் வெறும் தண்ணீர், மூன்றாம் தரம் கால் கரண்டி. ஊற்றிவிட்டு மூன்று நாள் நுனியைப் பார்ப்பேன். கருகிய இலை திருந்தாது, அதைப் பார்த்துப் பயனில்லை. புதிதாக விரியும் இலையின் நுனிதான் உண்மை சொல்லும். அது சுத்தமாக இருந்தால் அதே அளவு. முடி அகலத்துக்குப் பழுப்புக் கண்டால் அடுத்த தரம் வெறும் தண்ணீர். பசிக்கும் மஞ்சள்தான், செமியாமைக்கும் மஞ்சள்தான் என்பதைப் படிக்க எனக்கு இரண்டு செடிகள் செலவாயின.

சாப்பாட்டையும் அப்படியே மாற்றினேன். பெரிய தட்டுகளை மேல் அடுக்கில் ஏற்றிவிட்டு, தேநீர்ச் சாசரில் அரை இடியப்பம், ஒரு கரண்டி சொதி. மணம் வராத ஆறிய கஞ்சி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நாலு மிடறு. இன்னும் ஒரு வாய் என்று கேட்பதை விட்டேன். தை மாதக் கடைசியில் செடி பூத்து, காயவைத்த பூ ஒரு சின்ன ஊறுகாய்ப் போத்தல் அளவு கிடைத்தது. குளியலறை விசிறியைப் போட்டுவிட்டு அவள் இரண்டு இழுப்பு இழுப்பாள். சாசர் வெறுமையாகத் திரும்பி வரும். தள்ளிப்போன நாலாவது ஊசியும் அடுத்ததும் ஏறின. எனக்கு மறுபடி தலை நிமிர்ந்தது. நுனியைப் பார்க்கத் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பகல், கீழ்மாடிக்கு உடுப்புத் தோய்க்கக் கொண்டுபோனேன். மிஷின் ஓடி முடிய ஒன்றரை மணித்தியாலம். கூடையோடு மேலே வந்தால் வீட்டுக் கதவு பூட்டாமல் இருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். மனைவியின் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை மாதம்.

லிஃப்றடி அன்ரி கட்டிலில் கால்மாட்டில் இருந்தார். யாரோ ஒருவருடைய கலியாணத்தில் ஐயர் வழி தவறி வேறு மண்டபத்துக்குப் போய்விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி தலையணையில் சாய்ந்திருந்து, மடியில் பெரிய தட்டை வைத்துப் புட்டும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன் கையால். அலுமாரிக் கதவின் அடியால் ரியூப் லைற் வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. அடுத்த முறைக்கென்று எடுத்துவைத்த கிளை உள்ளே இருந்தது. அன்ரியின் கண் அங்கே போகவில்லை.

"தம்பி வந்திட்டார். அப்ப நான் வரட்டே பிள்ளை," என்று எழும்பினார்.

நான் கூடையை வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நடைவழியில் மறித்தேன்.

"அன்ரி, இனி வராதேங்கோ. டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். கிருமி தொத்தினால் அவவுக்குத்தான் கூடாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை.

"தம்பி, உங்கடை குளியலறைக் காத்து இழுக்கிற குழாயும் எங்கடை குழாயும் ஒண்டுதான். கார்த்திகையிலை இருந்து எங்களுக்கு அந்த மணம் வாறது. மேல் வீட்டுக்கும் வாறது. மாடி முழுக்கத் தெரியும். பிள்ளையின்ரை வருத்தத்துக்கு எண்டும் தெரியும். ஆர் வாய் திறந்தது? நீங்கள்தான் கதவு திறக்கிறியள் இல்லை."

அவர் மெல்ல நடந்து போய்விட்டார்.

உள்ளே வந்தேன். மனைவி தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தினை இழுப்பு இழுத்தனீர்?"

"இண்டைக்கு எடுக்கேல்லை," என்றாள். "ஆள் ஒண்டு வந்து கதைச்சுக்கொண்டிருந்தது. எப்ப சாப்பிட்டு முடிஞ்சுதெண்டே தெரியேல்லை."

நான் உடனே ஓடிப்போய் அன்ரியின் கதவைத் தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. வெட்கம். மாடி முழுக்கத் தெரிந்த ஒன்றை மறைத்துக்கொண்டு, நாலு மாதமாய்க் காலணியைப் பார்த்தபடி லிஃப்றில் நின்ற என்னை நினைக்க உடம்பு கூசியது. நாளைக்குப் போவோம் என்று நினைத்தேன். நாளைக்கு, அடுத்த நாளைக்கு என்று பதினொரு நாள் போனது. அதற்குள் அன்ரி ஒரு தரமும் வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தானே சொன்னேன். கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் மனைவி தலையைத் திருப்புவாள். சாசரில் இருப்பது பாதிதான் போனது. நான் ஊறுகாய்ப் போத்தலை எடுத்து, மூன்றாவது இழுப்பு இழுத்துப் பாரும் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் கிருமி என்றார்கள். கிருமி என்று நான் சொன்ன பொய்யையெல்லாம் அந்தக் கட்டிலடியில் இருந்து நினைத்தேன். நாலாம் நாள் அவள் கொஞ்சம் தெளிந்து கண் திறந்தாள்.

"அந்த அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நல்லாக் கதைப்பா," என்றாள்.

பஸ் பிடித்து வந்து, லிஃப்றால் இறங்கி, அந்தக் கதவைத் தட்டினேன். என்ன சொல்லுவது என்று வழி முழுக்க யோசித்து ஒன்றும் வரவில்லை. அன்ரி கதவை முழுக்கத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளை வந்து இருங்கோ தம்பி. கொஞ்சம் கஞ்சி வைச்சுக்கொண்டு வாறன்," என்றார்.

அந்த வீட்டின் கதிரையில் நான் இருந்தேன். நாலு மாதத்தில் நான் நுழைந்த முதல் வீடு அது. குசினியில் பாத்திரச் சத்தம் கேட்டது. கதவு திறந்தபடியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அன்ரி கட்டிலோரம் இருந்து, வழி தவறிய ஐயரின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கதைத்தபடியே கரண்டியை நீட்டினார். மனைவி மூன்று வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்குச் சிரித்தாள், கஞ்சி நாடியில் வழிந்தது, நான் துடைத்தேன். அதற்கடுத்த நாள் விடிய அவள் போய்விட்டாள்.

வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். கட்டிலடிவரைக்கும் வந்தார்கள். நான் ஒருவரையும் மறிக்கவில்லை. அந்த நாலு மாதமும் அவர்கள் இப்படி வந்து போயிருந்தால் அவள் இன்னும் எத்தனை வாய் சாப்பிட்டிருப்பாள் என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.